காதுக்குள் 22 தூண்கள்: காக்ளியர் இம்பிளான்ட் எப்படி வேலை செய்கிறது?

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வடக்கு ஆடி வீதியில் இசைத்தூண்கள் இருக்கின்றன. ஒரே கல்லில் 22 மெல்லிய கம்பங்களைச் செதுக்கியிருப்பார்கள். எதைத் தட்டுகிறோமோ அதற்கென்று ஒரு சுரம் எழும். என் தங்கை மகனுக்குக் காதுக்குள் வைக்கப்போகும் கருவியில் 22 மின்முனைகள் இருக்கும் என்று ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) சொன்னபோது எனக்கு அந்தத் தூண்கள்தான் நினைவுக்கு வந்தன. எண் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் இடத்துக்கு ஒரு சுரம் என்பது கோயில் தூணுக்கும் நம் உட்காதுக்கும் பொதுவானது. அதைப் பிடித்துக்கொண்டால் இந்தக் கருவி பாதி புரிந்துவிடும்.

உட்காதில் நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்று சுற்றிய ஓர் உறுப்பு இருக்கிறது. காக்ளியா என்பார்கள். சுருளை நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் வரும். உள்ளே திரவம், நடுவே நீளவாக்கில் ஒரு சவ்வு. நுழைவாயில் பக்கம் அந்தச் சவ்வு குறுகலாக, விறைப்பாக இருக்கும். அங்கே 'ஸ்' போன்ற கீச்சொலிகள் அதிரும். சுருளின் உச்சியை நெருங்க நெருங்க சவ்வு அகன்று தளர்ந்துபோகும். 'ம்' என்ற முனகலும் தவிலின் தொப்பிப் பக்கத்து அதிர்வும் அங்கே எழும். இப்படி இடம் பிரித்து அதிர்வதைக் கண்டறிந்த விஞ்ஞானி பெகேசிக்கு 1961இல் நோபல் பரிசு கிடைத்தது.

சவ்வின் மேல் வரிசையாக நிற்பவை மயிரிழைச் செல்கள். அதிர்வை நரம்புத் துடிப்பாக மாற்றுகிற முக்கியமான உள்வரிசையில் இருப்பவை சுமார் 3,500 மட்டுமே. நம் உடலில் ஒருமுறை அழிந்தால் இவை மறுபடி முளைப்பதில்லை. இவற்றிலிருந்து சுமார் 30,000 இழைகள் கொண்ட செவி நரம்பு மூளைக்குப் போகிறது.

பிறவியிலேயே கேட்காத பல குழந்தைகளுக்கு நரம்பு நன்றாகவே இருக்கும். இந்தச் செல்கள்தான் வேலை செய்யாது. சாதாரண காது மெஷின் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும். வாங்கிக்கொள்ளச் செல் இல்லாத இடத்தில் அதனால் என்ன பயன்? காக்ளியர் இம்பிளான்ட் அந்தச் செல்களைத் தாண்டிப்போய் நரம்பையே மின்சாரத்தால் தட்டுகிறது.

எங்கள் பையன் விஷயத்தில் ஒரு வருடம் வீணாகிவிட்டது. கூப்பிட்டால் திரும்பவில்லை என்று தங்கை சொல்லும்போதெல்லாம், "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், கவலைப்படாதே ஆத்தா" என்றார்கள் பெரியவர்கள். நானும் சேர்ந்துதான் சொன்னேன். தங்கையைச் சொந்த அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். பிறவிச் செவிட்டுத்தன்மை தரும் பல மரபணுப் பிழைகள் அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அப்படி இருவருமே சுமந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஒரே குடும்பத்தில் பெண் எடுக்கும்போது இருவரிடமும் அதே பிழை இருக்கும் வாய்ப்பு கூடிவிடுகிறது. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சொந்தத்தில் கட்டியவர்கள், குழந்தை பிறந்த முதல் மாதத்திலேயே காதைச் சோதித்துவிடுங்கள் என்பதற்காகத்தான்.

அந்தச் சோதனையே ஓர் அழகான அறிவியல். மருத்துவமனைகளில் 'பெரா டெஸ்ட்' என்பார்கள். குழந்தையைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் மின்முனைகளை ஒட்டி, காதில் டக் டக்கென்று ஒலி கொடுப்பார்கள். ஒவ்வொரு டக்குக்கும் செவி நரம்பும் மூளைத்தண்டும் பதில் கொடுக்கும். ஆனால் தோலுக்கு வந்துசேரும்போது அந்தப் பதில் ஒரு மைக்ரோவோல்ட் (வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கூட இருக்காது. மூளையின் மற்ற மின்சலசலப்பு அதைவிடப் பல மடங்கு பெரிது. மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்றுகொண்டு ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கிற கதைதான். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒலியை ஆயிரம், இரண்டாயிரம் தடவை கொடுத்து, ஒவ்வொரு பதிவையும் டக் ஒலித்த நொடியிலிருந்து அளந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டுகிறார்கள். இரைச்சல் ஒரு தடவை மேலே போகும், ஒரு தடவை கீழே வரும். கூட்டினால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். நரம்பின் பதில் மட்டும் ஒவ்வொரு தடவையும் அதே நேரத்தில் வருவதால் வளர்ந்துகொண்டே போகும். கடைசியில் முதல் 10 மில்லிசெகண்டுக்குள் ஐந்து சின்ன மேடுகள் திரையில் தெரியும். எங்கள் பையனுக்கு எந்த மேடும் எழவில்லை. வெறும் கோடு.

மின்சாரத்தால் காதைத் தட்டிப் பார்க்கும் ஆசை பழையது. மின்கலத்தைக் கண்டுபிடித்த வோல்டா, தன் இரண்டு காதுகளிலும் கம்பியைச் செருகி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார். கெட்டியான குழம்பு கொதிப்பது போலச் சத்தம் கேட்டதாக 1800இல் எழுதினார். 1957இல் பாரிஸில் ஜூர்னோ, எரியெஸ் என்ற இருவர் செவி நரம்பருகே கம்பிச்சுருள் வைத்தார்கள். 1961இல் அமெரிக்காவில் டாக்டர் வில்லியம் ஹவுஸ் ஒற்றை மின்முனை வைத்தார். ஒற்றை மின்முனையால் சத்தம் இருக்கிறதா, இல்லையா என்பது தெரியும், தாளம் தெரியும், பேச்சைப் பிரித்தறிவது கடினம். ஒரே தூணை எவ்வளவு வேகமாகத் தட்டினாலும் ராகம் வராது அல்லவா?

பல மின்முனைகளைச் சுருளுக்குள் எப்படி நுழைப்பது என்பதில்தான் ஆஸ்திரேலியாவின் காது அறுவை மருத்துவர் கிரேம் கிளார்க் மாட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கே காது சரியாகக் கேட்காது. 1977இல் கடற்கரையில் கிடந்த ஒரு சுருள் சங்கை எடுத்து, அதற்குள் புல்லைச் செருகிப் பார்த்தார். அடி விறைப்பாகவும் நுனி வளைந்துகொடுப்பதாகவும் இருந்த புல் தடையில்லாமல் சுற்றிக்கொண்டு உள்ளே போனது. மின்முனை இழையையும் அதே மாதிரி அமைத்தார். 1978இல் மெல்பர்னில் முதல் அறுவை சிகிச்சை. தெருவில் கிடக்கும் புல்லைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது.

சரி, கருவிக்கு வருவோம். காதுக்குப் பின்னால் மாட்டும் பகுதியில் மைக்கும் ஒரு சிறு கணினிச் சில்லும் இருக்கின்றன. சில்லு வரும் ஒலியைக் கீழ்ச் சுருதியிலிருந்து மேல் சுருதிவரை பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டை எந்த நேரம் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று கணக்கெடுக்கிறது. அந்தக் கணக்கு ஒரு சின்ன கம்பிச்சுருள் வழியாக ரேடியோ அலையாகத் தோலைத் தாண்டிப் போகிறது. மண்டையோட்டில் பதித்த உள்கருவிக்குப் பேட்டரி கிடையாது. அதே அலையிலிருந்துதான் சக்தியையும் எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் நேருக்கு நேர் பிடித்துவைப்பது ஒரு காந்தம். பிறகு கீழ்ப்பட்டையின் கணக்கு சுருளின் ஆழத்தில் இருக்கும் மின்முனைக்கும், மேல்பட்டையின் கணக்கு வாயிலருகே உள்ள மின்முனைக்கும் போய்ச் சேருகிறது.

எல்லா மின்முனைகளும் ஒரே நேரத்தில் துடித்தால் குழப்பம்தான். உள்ளே இருப்பது உப்புத் திரவம். மின்சாரம் அதில் பரவி ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒன்று முடிந்தபின் அடுத்தது என்று முறைவைத்துத் துடிக்கவிட்டால் பேச்சு தெளிவாகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் பிளேக் வில்சன் குழுவினர் 1991இல் காட்டினார்கள். கோலாட்டத்தில் கம்புகள் முறைமாற்றித் தட்டுவதைப் போல, ஒவ்வொரு மின்முனையும் நொடிக்குப் பல நூறு முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் மின்சாரம் ஒரு திசையில் போய் உடனே எதிர்த்திசையில் அதே அளவு திரும்பிவிடும். ஒரே பக்கமாகப் பாய்ந்தால் உலோகம் அரிக்கும், திசு புண்ணாகும்.

ஆபரேஷனில் காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து உள்ளே போகிறார்கள். முகத்தை அசைக்கும் நரம்பு அந்த வழியிலேயே மிக அருகில் ஓடுகிறது. அதனால் முகத் தசைகளில் மெல்லிய ஊசி மின்முனைகளை வைத்து, அந்த நரம்பு சீண்டப்பட்டால் உடனே ஒலிக்கும் கருவியைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் மின்முனை உள்ளே போனபின் வருவது. அதே கருவி நரம்பைத் தட்டவும் செய்கிறது, நரம்பு பதில் சொல்கிறதா என்று கவனிக்கவும் செய்கிறது. தட்டியது ஒரு மின்முனை, கேட்பது பக்கத்து மின்முனை. சிக்கல் என்னவென்றால், தட்டும் மின்சாரம் வேட்டுச் சத்தம் மாதிரி. நரம்பின் பதில் ஒரு மில்லிசெகண்டுக்குள் வந்துபோகும் முணுமுணுப்பு. இங்கே நரம்பின் குணத்தையே பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஒருமுறை துடித்த நரம்பிழை கணநேரம் ஓய்வெடுக்கும்; அந்த நேரத்தில் தட்டினால் பேசாது. ஆகவே முதலில் ஒரு தட்டு தட்டிப் பதிவெடுப்பார்கள்: வேட்டும் இருக்கும், பதிலும் இருக்கும். அப்புறம் அடுத்தடுத்து இரண்டு தட்டு: இரண்டாவதில் வேட்டு மட்டும் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் மிஞ்சுவது நரம்பின் குரல் மட்டுமே. வாய்பேசாத குழந்தைக்கு எந்த அளவு மின்சாரம் வைப்பது என்று தீர்மானிக்க இந்தக் குரல்தான் தொடக்கப்புள்ளி.

புண் ஆறிச் சில வாரங்கள் கழித்து 'சுவிட்ச் ஆன்', அதாவது கருவியை முதன்முதலாக இயக்கும் நாள். திருமங்கலத்திலிருந்து பத்துப் பேர் வேன் பிடித்து வந்திருந்தோம். எல்லோரும் எதிர்பார்த்தது, பையன் திரும்பி "அம்மா" என்று சொல்வான் என்று. அவன் அலறி அழுதான். கருவியைப் பிய்த்து எறிந்தான். ஆச்சி, "பணமும் போச்சு, பிள்ளையும் பயந்துபோச்சு" என்று புலம்பினார்.

அவன் அழுததே நல்ல செய்தி என்பது பின்னால்தான் புரிந்தது. அழுதான் என்றால் சத்தம் அவனை எட்டியிருக்கிறது. ஆனால் அது நாம் கேட்கும் சத்தம் மாதிரி இருக்காது. 30,000 இழைகள் பேசவேண்டிய இடத்தில் 22 முனைகள் பேசுகின்றன. மின்சாரம் பரவுவதால் தனித்தனியாகப் பயன்படுவது ஏறத்தாழ எட்டு வழிகள்தான். அந்தக் கரடுமுரடான தகவலை வைத்து மொழியைக் கட்டுவது மூளை. சிறு வயது மூளை அதைச் செய்துவிடும். மூன்று, மூன்றரை வயதுவரை ஒலியே வராமல்போனால், கேட்பதற்கான பகுதியைப் பார்வை போன்ற பிற புலன்கள் எடுத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள். ஆனால் அந்த 6 வயதுவரை காத்திருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் மொழியிலேயே கருவிக்கு எளிதானதும் கடினமானதும் உண்டு. காலஅளவு அதற்கு எளிது. கல், கால், படம், பட்டம் இவற்றைப் பையன் ஒன்றரை வருடத்தில் பிரித்துவிட்டான். ல, ள, ழ கடினம். மூன்றும் பெரும்பாலும் ஒரே மாதிரி. ஒலியின் ஒரு பகுதியில் நடக்கும் சின்ன நகர்வுதான் வேறுபாடு, அதைக் காட்ட எட்டு வழிகள் போதவில்லை. மதுரைப் பக்கத்தில் நாமே வாழைப்பழத்தை வாளப்பளம் என்றுதான் பேசுகிறோம். ஆகவே ழகரத்தைப் பேச்சுப் பயிற்சி டீச்சர் தனியாகக் கற்றுக்கொடுக்கிறார். இசையிலும் இதே கதை. கோயில் வாசலில் தவில் கேட்டால் துள்ளுவான். நாதஸ்வரத்தின் குழைவு அவனுக்கு முழுசாகப் போய்ச் சேருவதில்லை.

தினமும் காலையில் பள்ளிக்கூட வேனுக்கு முன் தங்கை ஒரு சோதனை வைப்பாள். உதடு தெரியாமல் முந்தானையை மறைத்துப் பிடித்து ஆறு ஒலிகள்: ஆ, ஈ, ஊ, ம், ஸ், ஷ். பேச்சின் கீழ்ச் சுருதியிலிருந்து மேல் சுருதிவரை இந்த ஆறும் தொட்டுவிடும். ஒவ்வொன்று கேட்டதும் அவன் ஒரு புளியங்கொட்டையை டம்ளரில் போடவேண்டும். போன சித்திரையில் ஒரு நாள் ஐந்து கொட்டைதான் விழுந்தது. 'ஸ்' மட்டும் கேட்கவில்லை. கழற்றிப் பார்த்தால் மைக்கின் மூடி வியர்வையும் புழுதியும் சேர்ந்து அடைத்திருந்தது. மேல் சுருதிகள்தான் முதலில் அடிபடுமாம். புது மூடி மாட்டி, தங்கை மறுபடி முந்தானையைத் தூக்கினாள். ஆறாவது கொட்டை டம்ளரில் விழுந்தது. விழுந்த சத்தத்துக்கு அவன் டம்ளரைத் திரும்பிப் பார்த்தான்.