லீவுக்கு நாள் எண்ணும்போது தள்ளிப்போடப்படும் நோய்கள்

வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துவிட்டு ஓராண்டுக்கோ இரண்டாண்டுக்கோ ஒருமுறை ஊர் திரும்பும் தொழிலாளர்களை, இராமநாதபுரம் மாவட்டத்தில் பொதுநல மருத்துவராகத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவர்களில் பலர் என்னிடம் வருவது விமானம் இறங்கிய வாரத்தில் அல்ல. திரும்பிப் போவதற்கு மூன்று நான்கு நாட்களே இருக்கும்போதுதான் வருகிறார்கள். ஆனால் நோயின் கதையைக் கேட்டால், அது ஊருக்கு வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் அறையில் காலண்டரில் தேதிகளை அடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே தொடங்கியிருக்கும். "இன்னும் ரெண்டு மாசந்தானே டாக்டர், ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்னு இருந்துட்டேன்" என்று சொல்வார்கள். அந்த இரண்டு மாதக் காத்திருப்பு உடலுக்கு என்ன செய்கிறது என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இதில் வரும் செய்திகள் பலரிடம் கண்டவை. எவரையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும். வேலைக்குத் திரும்பும்போது ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ தேவையான மாத்திரைகளை ஊரிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. லீவு குறித்த மாதத்தில் கிடைத்தால் கணக்குச் சரியாக இருக்கும். மாற்று ஆள் வரவில்லை, புதிய வேலை வந்துவிட்டது என்று லீவைத் தள்ளிப்போட்டால், கையில் இருக்கும் மாத்திரையை ஊருக்குப் போகும் நாள்வரை இழுக்க வேண்டும் என்று அவர்கள் புதுக் கணக்குப் போடுகிறார்கள். வெல்டராக வேலை பார்க்கும் ஒருவர் தம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்காட்டிய மாத்திரை அட்டை இன்னும் எனக்கு நினைவில் இருக்கிறது. ஒவ்வொரு குழியிலும் பிளேடால் வெட்டிய பாதி மாத்திரை மட்டும் இருந்தது. வெளியே விழுந்துவிடாமல் இருக்க மேலே செல்லோடேப் ஒட்டியிருந்தார். அவ்வளவு பொறுப்போடு செய்திருக்கிறார். ஆனால் அது உடலில் மெதுவாகக் கரைவதற்காகவே தயாரிக்கப்பட்ட, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை வகை. வெட்டினால் அந்த அமைப்பு குலைந்து, மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பாதி அளவு போதாது என்பதோடு, வெட்டியதே தவறாகிவிடுகிறது. அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு 11 சதவீதத்தைத் தாண்டி மிக உயர்ந்திருந்தது. கால் பெருவிரலில் ஒரு புண்ணும் ஆறாமல் இருந்தது.

மெட்ஃபார்மின், இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்ற மருந்துகள் வளைகுடா நாடுகளின் மருந்துக் கடைகளிலும் கிடைப்பவைதான். விலை அதிகம் என்ற தயக்கம் பலருக்கு இருக்கிறது. ஆனால் சவூதி அரேபியாவில் தனியார் நிறுவனங்கள் தங்கள் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது சட்டப்படி கட்டாயம். ஐக்கிய அரபு அமீரகத்தில் முதலில் அபுதாபியிலும் பிறகு துபாயிலும் இருந்த இந்தக் கட்டாயம், 2025 ஜனவரி 1 முதல் எல்லா அமீரகங்களுக்கும் வந்துவிட்டது. காப்பீட்டு அட்டையை இக்காமா எனப்படும் குடியிருப்பு அனுமதி அட்டையோடு சேர்த்து மணிபர்ஸில் வைத்திருந்தும், அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் இரண்டு ஆண்டுகளைக் கழித்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கிறது. எந்த கிளினிக்கில் அந்த அட்டை செல்லும், கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை அறையில் இருக்கும் மலையாளி, நேபாளி நண்பர்களிடம் கேட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நெஞ்சுவலி விஷயத்தில் காத்திருப்பு உயிரையே எடுத்துவிடும். லீவு நெருங்கும் மாதங்களில் பலர் ஓவர்டைமைக் கேட்டு வாங்கிச் செய்கிறார்கள். வீட்டுக்கு வாங்கிப்போகும் சாமான்களுக்கும், தங்கைக்கோ மகளுக்கோ எடுக்க வேண்டிய நகைக்கும் அந்தப் பணம்தான் ஆதாரம். தூக்கம் நான்கைந்து மணி நேரமாகச் சுருங்குகிறது. அப்போது நடக்கையில் நெஞ்சில் ஓர் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ இழுப்பு, காரணமில்லாத வியர்வை வந்தால், அதை வாயுத்தொல்லை என்று சொல்லி ஒரு சோடாவோடு முடித்துவிடுகிறார்கள். ஃபோர்மேனிடம் சொன்னால் லீவு கையெழுத்தாவதில் சிக்கல் வருமோ என்ற அச்சமும் அதில் இருக்கிறது. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதை, 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தரவுகள் காட்டின: நம்மவர்களுக்குச் சராசரியாக 53 வயது, மற்றவர்களுக்கு 59. அதுவும் சராசரிதான்; நாற்பதை எட்டாதவர்களும் என்னிடம் வருகிறார்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல் மூச்சிரைப்பும் களைப்பும் மட்டும் வரலாம். அடைபட்ட இரத்தக்குழாயைத் திறக்கும் சிகிச்சையின் பலன் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும் என்பதால், விமானம் ஏறும் நாள்வரை பொறுப்பது என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. அவசர மருத்துவ உதவிக்கு அமீரகத்தில் 998, சவூதியில் 997, கத்தாரிலும் பஹ்ரைனிலும் 999, குவைத்தில் 112, ஓமானில் 9999 என்ற எண்களை அழைக்கலாம். வீட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அறைத் தோழர் ஒருவரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும் உறுப்பு. வெயிலில் கட்டுமான வேலை, போதிய தண்ணீர் குடிக்காமை, உடல்வலிக்குத் தினமும் ஒரு வலி மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது தாங்காது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்தம் குறைகிறது. டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகள் அதை மேலும் குறைக்கின்றன. கோடையில் வெட்டவெளி வேலைக்கு நண்பகல் தடை இருக்கிறது: அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை, சவூதியில் அதே நாட்களில் 12 முதல் 3 வரை, கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை. அந்த நேரத்தில் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பது தொழிலாளியின் உரிமை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் உயர்வதற்குள் சிறுநீரகத் திறனில் பாதியளவு போயிருக்கக்கூடும் என்பதால், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற எளிய சோதனையை லீவில் வரும் ஒவ்வொருவருக்கும் நான் எழுதுகிறேன். கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ தெரிந்தால் அங்கேயே உடனே பார்த்தாக வேண்டும்.

இருமலை மறைப்பவர்களின் அச்சத்தில் நியாயம் இருப்பதை நான் மறுக்க மாட்டேன். வளைகுடா வேலைக்கான மருத்துவச் சோதனையில் நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோய்த் தடம் தெரிந்தால், தகுதியில்லை என்று வரக்கூடும் என்பதை அவர்கள் நன்றாக அறிவார்கள். அதனால் இரண்டு வாரத்துக்கு மேல் நீளும் இருமலையும், மாலைக் காய்ச்சலையும், எடைக் குறைவையும் சொல்லாமல் லீவுவரை கடத்துகிறார்கள். ஆனால் அதே அறையில் ஆறேழு பேர் அடுக்குக் கட்டில்களில் படுக்கிறார்கள். ஊருக்கு வந்ததும் மடியில் ஏறிக்கொள்ளும் குழந்தை இருக்கிறது. காசநோய்க்கு இங்கே அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம், குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். இரண்டு மாத லீவில் அது முடியாது என்பது உண்மைதான். ஆயினும் தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சை எடுத்தால் நுரையீரலில் தழும்பு குறைவாக நிற்கும். மறைத்து முற்றவிட்டால் எந்த எக்ஸ்ரேயிலும் மறையாத தடமாகிவிடும். வேலையைக் காப்பாற்ற மறைப்பவர், அந்த வேலைக்கான வழியைத் தாமே அடைத்துக்கொள்கிறார்.

சம்பளம் போய்விடுமே என்பது அடுத்த கவலை. சவூதி தொழிலாளர் சட்டப்படி, ஓர் ஆண்டில் முதல் 30 நாள் நோய் விடுப்புக்கு முழுச் சம்பளமும் அடுத்த 60 நாளுக்கு முக்கால் சம்பளமும் உண்டு. அமீரகத்தில் வேலையில் சேர்ந்தபின் வரும் சோதனைக்காலம் (புரொபேஷன்) முடிந்தவர்களுக்கு ஆண்டில் 90 நாள்வரை நோய் விடுப்பு உண்டு. அதில் முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதிச் சம்பளம். இவை நடைமுறையில் எல்லா இடத்திலும் கேட்டவுடன் கிடைத்துவிடுகின்றன என்று சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவர் எழுதிய சான்று கையில் இல்லாமல் கேட்கவே முடியாது. கிளினிக்குக்குப் போகாதவரிடம் அந்தச் சான்று எப்படி இருக்கும்?

இனி லீவில் நடப்பதைச் சொல்ல வேண்டும். வந்த முதல் வாரம் உறவினர் வீடுகள். பிறகு கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, குலதெய்வக் கோயில், பாதியில் நிற்கும் வீட்டு வேலை, கடன் அடைப்பு, நிலம் பார்ப்பது என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. இதுவரை ஊருக்கு வர நாள் எண்ணிய வீடு, இப்போது திரும்பிப் போக நாள் எண்ணத் தொடங்கும்போதுதான் மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. அந்த மூன்று நாளில் என்னால் இரத்தம் எடுக்க முடியும், மருந்து எழுத முடியும். மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க முடியாது. இரத்த அழுத்தத்துக்குப் புதிதாக மருந்து தொடங்கினால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் அளவைச் சரிபார்க்க வேண்டும். தைராய்டு மருந்தை மாற்றினால் ஆறு வாரம் கழித்துத்தான் சோதனை. சர்க்கரைக்குப் புதிய மருந்து கொடுத்து, தாழ்சர்க்கரை வந்தால் என்ன செய்வது என்று கற்றுக்கொடுக்காமல், கிரேனில் ஏறி வேலை செய்யும் ஒருவரை அனுப்பிவைப்பது ஆபத்து. ஆகவே வந்திறங்கிய முதல் வாரத்திலேயே ஒரு காலை நேரத்தை, வெறும் வயிற்றில், மருத்துவமனைக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். விருந்துச் சாப்பாடு தொடங்கும் முன் எடுக்கும் சோதனைகளே உண்மையான நிலையைக் காட்டும்.

வீட்டில் இருக்கும் பெண்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. "அவுக வந்ததும் போய்க்கலாம்" என்று மார்பில் தட்டுப்பட்ட கட்டியை மாதக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பெண்களை நான் அறிவேன். மாதவிலக்கில் அளவுக்கு மீறிய போக்கால் இரத்தச்சோகை முற்றி, மாடிப்படி ஏற முடியாத நிலையிலும், அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடக் கணவர் வர வேண்டும் என்று காத்திருக்கிறார்கள். சுயநினைவோடு இருக்கும் 18 வயது நிரம்பிய பெண்ணின் சிகிச்சைக்கு அவருடைய ஒப்புதலே போதும். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்பதற்காக எந்தச் சோதனையையும் தள்ளிப்போட வேண்டியதில்லை. கட்டிகள் பெரும்பாலும் புற்று அல்லாதவையே. ஆனால் எது அப்படி, எது அப்படி அல்ல என்பதை விரலால் தொட்டுச் சொல்லிவிட முடியாது. முதியவர்களின் கண்புரை அறுவைச் சிகிச்சையும் மகன் வரும் தேதிக்காகவே காத்துக்கிடக்கிறது. பார்வை மங்கிய அப்பா இருட்டில் தடுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், மகனின் லீவு முழுவதும் மருத்துவமனையில் கழியும். 2021 முதல் நடக்கும் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வெளிநாட்டில் இருக்கும் மகன் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதோடு "மாத்திரை போட்டீங்களா, கடைசியாப் பிரஷர் எவ்வளவு இருந்துச்சு" என்றும் கேட்டால், அப்பாவும் அம்மாவும் அதைப் பொறுப்போடு எடுத்துக்கொள்கிறார்கள்.

லீவு கடைசி நேரத்தில் ரத்தாகும்போது மனத்துக்கு விழும் அடியையும் லேசாக எண்ணக்கூடாது. பெட்டி கட்டி முடித்து, பிள்ளைகளிடம் தேதி சொல்லிவிட்ட பிறகு அடுத்த மாதம் பார்க்கலாம் என்று ஆகும்போது, சிலர் இரண்டு மூன்று நாள் பேசாமல் இருந்து தேறிவிடுகிறார்கள், சிலர் தேறுவதில்லை. தூக்கமின்மை, வீட்டுக்குப் போன் செய்யாமை, சாப்பிடாமை, இனி எதுவும் நடக்காது என்ற பேச்சு ஆகியவை இரண்டு வாரம் தொடர்ந்தால், அது மருத்துவ உதவி தேவைப்படும் நிலை. வாழவே வேண்டாம் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் பார்க்கக்கூடாது. அன்றே அறைத் தோழர்களை அவருடன் இருக்கச் சொல்லி மருத்துவரிடம் அழைத்துப்போகச் செய்ய வேண்டும். ஊரில் இருக்கும் குடும்பத்தினர் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம்.

அங்கே சிகிச்சை எடுத்தவர்கள், ஊருக்கு வரும் முன் அந்த கிளினிக்கிலிருந்து மருந்துச் சீட்டு, ஸ்கேன், ஈ.சி.ஜி. நகல்களைக் கேட்டு வாங்கி வர வேண்டும். அரபியில் இருந்தால் ஆங்கில நகல் கேளுங்கள். குறைந்தது மருந்து அட்டையையாவது தூக்கி எறியாமல் கொண்டுவாருங்கள். திரும்பிப் போகும்போது, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய சீட்டைக் கைப்பையில் வையுங்கள். ஊர்ப் பிராண்டின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது, வேதிப்பெயர் தெரிந்தால் எந்தக் கடையிலும் அதே மருந்தைக் கேட்கலாம். டிராமடால் என்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவை அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வழக்கில் மாட்டிக்கொள்ள நேரிடும். பக்கத்து அறை நண்பருக்கு என்று யாராவது தரும் மருந்துப் பொட்டலத்தையும் வாங்காதீர்கள்.

சக மருத்துவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. லீவில் வந்திருப்பவர் என்று தெரிந்தால், என்ன தொந்தரவு என்று கேட்கும்போதே எந்தத் தேதியில் திரும்பிப் போகிறீர்கள் என்றும் கேட்டு, அதைச் சீட்டின் மேலேயே எழுதிவிடுங்கள். எந்தச் சோதனையை இப்போதே எடுப்பது, எந்த மருந்தை இன்றே தொடங்கி அவர் போவதற்குள் ஒருமுறை சரிபார்ப்பது, எதை அங்குள்ள மருத்துவருக்குக் கடிதம் எழுதி ஒப்படைப்பது என்பதை அந்தத் தேதியை வைத்துத்தான் முடிவுசெய்ய முடியும்.