ஆடும் காலை நிறுத்தாதீர்கள்

"காலை ஆட்டாதே, ஒழுங்காக உட்கார்" என்று அதட்டு வாங்காத ஏடிஎச்டி (கவனத்தை நிலைநிறுத்துவதும் உடலை அடக்கிவைப்பதும் கடினமாக இருக்கும் நிலை) குழந்தையைத் தேடிப் பிடிப்பது கடினம். உடம்பு அடங்கினால் மனமும் தானாக அடங்கிவிடும் என்ற நம்பிக்கையில்தான் பெரியவர்கள் அதட்டுகிறார்கள். இந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் அமெரிக்காவில் வெளியானது. 8 முதல் 12 வயது வரையுள்ள 52 சிறுவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். 29 பேருக்கு ஏடிஎச்டி இருந்தது. திரையில் சில எண்களும் ஓர் எழுத்தும் கலைந்து தோன்றி மறையும். எண்களை மனதுக்குள்ளேயே வரிசைப்படுத்திச் சொல்லிவிட்டு, கடைசியில் எழுத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது கையும் காலும் எவ்வளவு அசைந்தன என்பதைக் கேமரா பதிவுசெய்தது.

முடிவு அதட்டுபவர்களுக்குச் சாதகமாக வரவில்லை. ஏடிஎச்டி உள்ள சிறுவர்களிடம் அசைவு கூடக்கூட விடைகளும் சரியாக வந்தன. மற்ற சிறுவர்களிடம் இது தலைகீழாக இருந்தது.

ஒரு தொலைபேசி எண்ணை எழுதி முடிக்கும்வரை தலைக்குள் பிடித்துவைத்திருக்கிறோமே, அதற்குச் செயல்நினைவு என்று பெயர். மூளையின் விழிப்பு ஓரளவுக்குக் கீழே இறங்கினால் அந்தப் பிடி நழுவிவிடும். சலிப்பூட்டும் வேலை வந்தால் ஏடிஎச்டி மூளையில் விழிப்பு சட்டென்று இறங்குகிறது என்றும், ஆடும் கால் அதைத் திரும்ப மேலே ஏற்றுகிறது என்றும் இந்த ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். தூக்கம் கண்ணைக் கட்டும்போது நாம் எழுந்து நாலடி நடப்பதில்லையா? 2007இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டதும் இதனோடு ஒத்துப்போகிறது: பின்னணியில் ஒரே சீரான இரைச்சல் ஒலித்தபோது ஏடிஎச்டி குழந்தைகளின் நினைவாற்றல் கூடியது, மற்றக் குழந்தைகளுக்குக் குறைந்தது. சிறிய ஆய்வுகளை வைத்து எல்லாக் குழந்தைகளுக்கும் தீர்ப்பெழுத முடியாதுதான். ஆனால் "20 நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும்" என்பதைச் சிகிச்சையின் இலக்காக எழுதும் முன் ஒரு கணம் பேனாவைக் கீழே வைக்கச் சொல்ல இவை போதும்.

அப்படிப் பேனாவைக் கீழே வைத்தவர்களின் வழியைத்தான் 'இயல்பை ஏற்கும் சிகிச்சை' என்கிறோம். இது தனியொரு சிந்தனைப் பள்ளியோ காப்புரிமை பெற்ற முறையோ கிடையாது. உளவியல் ஆலோசனை, பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சை என்று எதற்குள்ளும் இது வரலாம். எதை மாற்றப் போகிறோம் என்ற கேள்விக்கு அது சொல்லும் பதில்தான் வேறு. குழந்தை மற்றவர்களைப் போலத் தோன்றுவதை அது இலக்காகக் கொள்வதில்லை. மூளைக்கும் வேலைக்கும் எந்த இடத்தில் உரசல் என்று தேடுகிறது. அந்த இடத்தில் கை வைக்கிறது.

பழைய பதில் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிய வேண்டிய கதை. 1902இல் ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் லண்டனில் ஆற்றிய உரைகளில் இத்தகைய குழந்தைகளை விவரித்தார். அறிவு இருக்கிறது, ஆனால் ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை என்பது அவர் கணிப்பு. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 'கவனக் குறைபாடு' என்று இந்த நிலையின் பெயரிலேயே கவனத்தைக் கொண்டுவந்தது. பெயர் மாறியும், "மனசு வைத்தால் செய்வான்" என்ற பேச்சு மட்டும் இன்னும் மாறவில்லை.

மனம் வைப்பதற்கு முன்னால் மூளை இருக்கிறது. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஏடிஎச்டி விஷயத்தில் மனிதர்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் சுமார் 74% மரபணுக்களால் விளைவது. 2007இல் வெளியான மூளைப்பட ஆய்வு ஒன்று இன்னும் சுவாரசியமானது. மூளையின் மேலடுக்கான புறணி தடித்து உச்சத்தைத் தொடும் வயது பொதுவாக 7.5 என்றால், ஏடிஎச்டி குழந்தைகளுக்கு அது 10.5 ஆக இருந்தது. திட்டமிடுவதற்கும் நிறுத்திக்கொள்வதற்கும் பொறுப்பான நெற்றிப் பகுதியில் இந்தத் தாமதம் மிகத் தெளிவு. ஆனால் உடலை அசைக்க ஆணையிடும் பகுதி மட்டும் மற்றவர்களைவிடச் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. பிரேக் பொருத்தும் முன்பே ஆக்சிலரேட்டர் தயாராகிவிட்ட வண்டியை நினைத்துக்கொள்ளலாம்.

இதோடு, பலனை நோக்கி நம்மை உந்தும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளின் கணக்கும் சேர்கிறது. நாளைக்குக் கிடைக்கும் பெரிய பலனைவிட இப்போது கையில் விழும் சிறிய பலன் இந்த மூளையை வலுவாக இழுக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும், தெரிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடிவதில்லை என்று உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார். அப்படியானால் வாரம் ஒருமுறை அறையில் உட்கார்ந்து அறிவுரை சொல்வதால் பெரிய பயன் இராது. வேலை தடுமாறும் இடத்தில், தடுமாறும் நொடியில் உதவி காத்திருக்க வேண்டும்.

ஒரு கணக்குத் தாள். இருபது கணக்குகள். ஒன்பது வயதுச் சிறுவன் அதை முக்கால் மணி நேரமாகத் தொடவில்லை. அடம் என்கிறார் அம்மா. சிகிச்சையாளர் அவனிடம், "எந்த இடத்தில் கை நின்றுபோகிறது, காட்டு" என்று கேட்கிறார். அவன் எந்தக் கணக்கையும் காட்டாமல் தாள் முழுவதையும் உள்ளங்கையால் மூடுகிறான். "போடத் தெரியும் அக்கா. பார்த்தாலே எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை." தாள் நான்காக மடிக்கப்படுகிறது, இப்போது கண்ணில் படுவது ஐந்தே கணக்குகள். நாற்காலியில் ஒரு முழங்காலை ஊன்றி நின்றபடி அவன் போடத் தொடங்குகிறான். ஐந்து முடிந்ததும் அறையை ஒரு சுற்று ஓடி வருகிறான். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு வாக்கியம் தயாரிக்கிறார்கள்: "தாளை எடுத்தால், உடனே மடிப்பேன்." இப்படி 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பது, ஏடிஎச்டி குழந்தைகள் தங்களை அடக்கிக்கொள்ளும் திறனைக் கூட்டுகிறது என்று 2008இல் வெளியான சோதனைகள் காட்டின. முடிவெடுக்கும் சுமை நெருக்கடி நேரத்திலிருந்து நிதானமான நேரத்துக்கு நகர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அம்மா 'அடம்' என்றதை அவன் உள்ளங்கை 'திகைப்பு' என்று திருத்தியதைக் கவனியுங்கள். குழந்தையால் முடிந்தால் அது நன்றாகவே நடந்துகொள்ளும், நடக்கவில்லை என்றால் வழியில் ஏதோ கிடக்கிறது என்பது உளவியலாளர் ராஸ் கிரீன் உருவாக்கிய முறையின் அடிப்படை. எதிர்த்து நிற்கும் குழந்தைகளிடம் நடத்தி 2016இல் வெளியிட்ட ஒப்பீட்டில், வெகுமதியும் தண்டனையும் கொண்ட வழக்கமான பெற்றோர் பயிற்சிக்கு இணையான பலனை அம்முறை தந்தது.

பிறரோடு பழகுவதும் புலன்களால் உணர்வதும் வேறுவிதமாக அமையும் ஆட்டிசத்தின் பக்கம் திரும்பினால் இலக்கைப் பற்றிய சண்டை இன்னும் காரமானது. 2013 வரை ஆட்டிசத்தையும் ஏடிஎச்டியையும் ஒருவருக்கே சேர்த்துக் கண்டறிய அமெரிக்கக் கையேடு அனுமதிக்கவில்லை. உண்மையில் இரண்டும் சேர்ந்தே வருவது சகஜம். 1987இல் ஐவர் லோவாஸ் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் தான் தந்த தீவிர நடத்தைப் பயிற்சியின் முடிவை வெளியிட்டார். வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் இயல்பு நிலையை எட்டியதாக அறிவித்தார். உரத்த அதட்டலும், சில வேளைகளில் தொடையில் ஓர் அடியும் அந்தப் பயிற்சியில் இருந்தன. அடி பின்னாளில் பெரும்பாலும் கைவிடப்பட்டது. 'வித்தியாசம் தெரியாமல் ஆக்குவது' என்ற இலக்கு அவ்வளவு எளிதில் போகவில்லை.

வித்தியாசம் தெரியாமல் நடப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. எதிரில் இருப்பவரின் கண்ணை எத்தனை நொடி பார்க்க வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஓயாமல் எண்ணிக்கொண்டே பேசுபவர், பேச்சைக் கேட்க மீதி வைத்திருப்பது கொஞ்சம்தான். ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் இந்த உருமறைப்புக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை 2018இல் ஒரு பிரிட்டன் ஆய்வு காட்டியது.

பேச்சு புரியாமல் போவதற்கு ஒரு தரப்பு மட்டுமே காரணமா என்று 2012இல் கேட்டவர் டேமியன் மில்ட்டன். ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர். 2020இல் வெளியான ஆய்வு ஒன்று இதை விளையாட்டாகச் சோதித்தது. ஒருவர் காதிலிருந்து அடுத்தவருக்கு எனக் கதை ஒன்று எட்டுப் பேரைக் கடந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலி, மற்றவர்களின் சங்கிலிக்கு இணையாகக் கதையைக் காப்பாற்றியது. கலப்புச் சங்கிலியில் கூடுதலாகச் சிதைந்தது. 2025இல் 311 பேரை வைத்துப் பெரிதாகச் செய்தபோது கலப்புச் சங்கிலியின் சரிவு தென்படவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் தகவல் கடத்துவதில் பின்தங்கவில்லை என்ற பகுதி நிலைத்தது. அறிவியல் இப்படித்தான் தன்னைத் தானே செதுக்கிக்கொள்ளும். முதல் ஆய்வை மட்டும் மேற்கோள் காட்டிக்கொண்டு திரிவது இந்தச் சிகிச்சைக்கு நல்லதல்ல.

பெரியவர்களிடம் சிக்கல் இரண்டடுக்காக இருக்கும். கீழே மூளை, மேலே முப்பது ஆண்டு வசவு. நாற்பதை நெருங்கும் ஒருவர் கட்டணக் கடிதத்தைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போடுகிறார் என்றால், மறதி பாதி, மீதி அச்சம்: பிரித்தால் "நீ சோம்பேறி" என்ற பழைய குரல் உள்ளேயிருந்து எழும். புதிய டைரி வாங்கச் சொல்வது அவருக்கு உதவாது. பாதி எழுதிய டைரிகள் வீடு நிறைய இருக்கும். (இதை எழுதுபவரிடம் நான்கு இருக்கின்றன.) கடிதம் கண்ணில் படும்படி கதவில் ஒட்டப்படுகிறது. ஒரு நண்பர் பக்கத்தில் தன் வேலையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருக்க, இவர் அதைப் பிரிக்கிறார். குரலைப் பற்றிப் பேசுவது அதற்குப் பிறகு.

இப்படி வேலையைத் துண்டாக்குவது, பட்டியலையும் நாட்காட்டியையும் ஒரே இடத்தில் வைப்பது, தப்பான எண்ணங்களைச் சோதிப்பது ஆகியவற்றைக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, மருந்து உட்கொண்டும் தொந்தரவு தீராத 86 பெரியவர்களிடம் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். ஏடிஎச்டி அளவுகோலில் இந்தச் சிகிச்சை பெற்ற குழுவில் 67% பேர் தேறினர். தளர்வுப் பயிற்சி பெற்ற குழுவில் 33%.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. இயல்பை ஏற்பது என்றால் மாத்திரையை எறிவது என்று சிலர் பரப்புகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் டோபமைனையும் அதைப் போன்ற இன்னொரு வேதிப்பொருளான நார்எபிநெஃப்ரினையும் நரம்புச் செல்களுக்கு இடையிலான இடைவெளியில் கூடுதல் நேரம் தங்கவைக்கின்றன. ஏடிஎச்டியின் அடிப்படை அறிகுறிகளைக் குறைப்பதில் அவற்றுக்கு இருக்கும் சான்று வலுவானது. கண்ணாடி போட்டால் கண்ணை அவமதித்ததாகுமா? அதேபோல, ஏடிஎச்டி ஒரு 'அதிசய சக்தி' என்று குழந்தையிடம் சொல்வதும் ஏமாற்று வேலை. தங்கையை அடித்தால் அடித்தது தவறுதான். அடிக்கும் முன் காதைப் பிளந்த சத்தம் எது என்று கேட்பதும் கூடவே நடக்க வேண்டும்.

சிகிச்சையாளரைத் தேடும் பெற்றோர், இலக்குகள் எழுதிய தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். அந்த ஒன்பது வயதுச் சிறுவனின் தாளில் முதல் வரி, "20 நிமிடம் அசையாமல் உட்காருவான்" என்றுதான் இருந்தது. இப்போது அது அடிக்கப்பட்டிருக்கிறது. கீழே வேறு மையில்: "ஐந்து கணக்கு. நின்றோ, உட்கார்ந்தோ, படுத்தோ." அதற்கும் கீழே, கோணல் எழுத்தில் அவனே சேர்த்தது: "ஓடியோ."