கத்தி பட்டால் பரவாது: பெருங்குடல் புற்றுநோய் சிகிச்சைக்கு வருபவர்களுக்கு

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்த பிறகு காணாமல் போன ஒரு பெண்மணி, எட்டு மாதம் கழித்துச் சென்ற வாரம் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்தார். வயிறு உப்பி, மலமும் வாயுவும் அடியோடு நின்று, வாந்தி எடுத்தபடி இருந்தார். அன்று குடலோடு நின்றிருந்த கட்டி இன்று கல்லீரலிலும் தெரிகிறது. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு அவருடைய மகன் சொன்ன பதில், "கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொன்னார்கள்" என்பதுதான். இதே பதிலைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்துதான் இதை எழுதுகிறேன்.

கத்தி பட்டுப் பெருங்குடல் புற்றுநோய் பரவுவதில்லை. சி.டி. ஸ்கேன் வசதி பரவலாக இல்லாத காலத்தில், வயிற்றைத் திறந்து பார்த்த பிறகே நோய் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரியும். முற்றிய நிலையில் வந்தவருக்கு எதையும் அகற்ற முடியாமல் மூடித் தையல் போட்டு அனுப்புவார்கள்; அவர் சில மாதங்களில் இறந்தால், ஊர் அந்தப் பழியைக் கத்தியின்மேல் போட்டது. பரவியிருந்ததால் அகற்ற முடியாமல் போனதே தவிர, திறந்ததால் பரவவில்லை. சோதனைக்காகத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸிக்கும் இதே அச்சம்தான். ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியின் போது குடலின் உட்புறத்திலிருந்து அரிசியளவுத் துணுக்கு ஒன்றை எடுப்பதால் நோய் வேறிடத்துக்குத் தாவுவதில்லை. அறுவை சிகிச்சையிலும் நாங்கள் கட்டியை வெட்டுவதில்லை. அதன் இருபுறமும் நல்ல குடலைச் சில சென்டிமீட்டர் சேர்த்து, அப்பகுதிக்குச் செல்லும் இரத்தக் குழாயையும், நோய் பரவக்கூடிய நிணநீர் முடிச்சுகளையும் ஒரே துண்டாக எடுத்துவிடுகிறோம். பரவாத நிலையில் இந்த நோயை வேரோடு எடுக்கும் முதன்மையான வழி இதுதான், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சேர்வதற்கு முன்பு சி.டி. ஸ்கேன், சி.இ.ஏ. என்ற புற்றுநோய்க் குறியீட்டைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை, இதயப் பரிசோதனை எல்லாம் முடிந்துவிடும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதல் நாளே கொண்டுவந்துவிடுங்கள். ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மறைக்காமல் சொல்லுங்கள். முந்தைய நாள் பேதிக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலைக் குடிப்பது கடினம்தான். அதற்காக அதைப் பாதியில் கீழே ஊற்றிவிட வேண்டாம்.

அறுவை சிகிச்சை பெரும்பாலும் மூன்று, நான்கு மணி நேரம் நடக்கும். கண் விழிக்கும்போது சிறுநீர்க் குழாயும், சிலருக்கு வயிற்றின் பக்கவாட்டில் உள்ளே சேரும் நீரை வெளியேற்றும் ஒரு டிரெயின் குழாயும் இருக்கும். மறுநாள் காலையிலேயே செவிலியர் உங்களை எழுப்பி நடக்கச் சொல்வார். "பச்சை உடம்புக்காரரை நடக்க வைக்கிறார்களே" என்று உடனிருப்பவர்கள் சண்டைக்கு வருவதை அன்றாடம் பார்க்கிறேன். காலில் இரத்தம் கட்டாமலும் நுரையீரலில் சளி தேங்காமலும் இருக்கவே இந்த நடை. மூன்று பந்துகள் உள்ள சிறு கருவியைக் கொடுத்து மூச்சை உள்ளிழுக்கச் சொல்வதும் அதற்காகத்தான்; அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். வாயு பிரிந்ததா என்று நாங்கள் தினமும் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், குடல் வேலை செய்யத் தொடங்கிவிட்டதற்கு அதுவே அடையாளம். முட்டை, மீன், பருப்பு சாப்பிட்டால் புண்ணில் சீழ் வைக்கும் என்று பத்தியம் காப்பதை மட்டும் நிறுத்துங்கள். புரதம் இல்லாமல் தையல் ஆறாது.

குடலை இணைத்த இடத்தில் கசிவு ஏற்படுவதுதான் நாங்கள் முதல் வாரம் முழுவதும் கவலைப்படும் சிக்கல். குறைந்துகொண்டிருந்த வலி திடீரென்று கூடினாலோ, காய்ச்சலோ படபடப்போ வந்தாலோ, இரவு எத்தனை மணியானாலும் செவிலியரிடம் சொல்லுங்கள். வீட்டுக்குப் போன பிறகு வந்தால் உடனே திரும்பி வாருங்கள்.

திட்டமிட்டு வரும் பெரும்பாலானோருக்கு மலம் சேர வயிற்றில் பை வைக்க நேர்வதில்லை. குடல் அடைத்துக்கொண்டு அவசரமாக வருபவர்களுக்கே அது அதிகம் தேவைப்படுகிறது. வைத்தாலும் பலருக்குச் சில மாதங்களில் குடலை மறுபடி உள்ளே இணைத்துவிடலாம். பை பொருத்துவதற்காக வயிற்றின்மேல் வெளியே கொண்டுவந்து வைக்கும் குடலின் வாய் உதட்டின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. பையை மாற்றும் முறையை வார்டிலேயே நோயாளியும் வீட்டில் ஒருவரும் கற்றுக்கொண்டுதான் போக வேண்டும்.

அகற்றிய குடலின் பரிசோதனை முடிவு வருவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும். குறைந்தது 12 நிணநீர் முடிச்சுகளையாவது பார்த்திருக்கிறார்களா என்று நீங்களே கேட்கலாம், அது உங்கள் உரிமை. முடிச்சுகளில் நோய் இருந்தால் மூன்று முதல் ஆறு மாதம் கீமோ கொடுப்போம். பெருங்குடலுக்குக் கொடுக்கும் வழக்கமான மருந்துகளில் முடி முழுவதும் கொட்டிவிடுவது அரிது. ஆனால் ஆக்சாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்தை ஏற்றிய சில நாட்களுக்குக் குளிர்ந்த நீர் தொண்டையை இறுக்கிப் பிடிப்பதுபோல் இருக்கும், ஃபிரிட்ஜில் கை வைத்தால் விரல்கள் கூசும். வெதுவெதுப்பான நீரையே குடியுங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாரசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காமல் அன்றிரவே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.