சுவிட்ச் போட்டதும் சூடாகும் பெயாரிங்

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலை ஃபெக்டரியில் ஃபிட்டராக இருக்கும் வாசகர் கேட்கிறார்: "புதுசா ஒரு ஹீட்டர் வந்திருக்கு. அதோட இரும்புத் தண்டுல பெயாரிங்கை மாட்டி சுவிட்ச் போட்டா, கொஞ்ச நேரத்துல கை வைக்க முடியாத சூடு. தண்டு மட்டும் அவ்வளவா சுடல. நெருப்பும் இல்ல, சுருள் கம்பி சிவக்கிறதும் இல்ல. சூடு எங்கேருந்து வருது? பித்தளை வளையம் போட்டாலும் சூடாகுமா?"

பெயாரிங்கை ஏன் சுட வைக்க வேண்டும் என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெயாரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருக்கு வளையங்கள், நடுவே குண்டுகள். ஷாஃப்டை, அதாவது மெஷினின் சுழலும் தண்டை, இறுக்கிப் பிடிக்கவென்றே பெயாரிங்கின் துளையை ஒரு மயிரிழை சிறிதாக வைத்திருப்பார்கள். சுத்தியலால் அடித்து ஏற்றினால் உள்ளிருக்கும் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டுவிடும். 100 மி.மீ. துளையின் வெப்பநிலையை 80 பாகை கூட்டினால் சுமார் 0.1 மி.மீ. விரியும். அவ்வளவு போதும், வழுக்கிக்கொண்டு ஏறும். முன்பு இதை எண்ணெயில் போட்டுச் செய்தார்கள். ப்ளோ லாம்ப் பிடித்தவர்களும் உண்டு. அது ஒரே இடத்தைக் காய்ச்சி உருக்கின் கடினத்தையே கெடுத்துவிடும்.

சரி, ஹீட்டருக்கு வருவோம். அது ஒரு நிலைமாற்றி, அதாவது ட்ரான்ஸ்போமர். சாதாரணதரப் புத்தகத்தில் வரும் அதே படம்தான்: நடுவே இரும்பு அகணி (கோர்), ஒரு பக்கம் முதன்மைச் சுருள், மறுபக்கம் துணைச் சுருள். 1831இல் ஃபரடே இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றிப் பார்த்ததிலிருந்து இந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஹீட்டரில் துணைச் சுருள் எங்கே என்று தேடினால் கிடைக்காது. தண்டில் நீங்கள் மாட்டிய பெயாரிங்தான் அது. ஒரே ஒரு சுற்று, அதுவும் இரு முனையும் ஒட்டிப்போன சுற்று.

எனக்கு இதில் பிடித்தது கணக்குதான். முதன்மைச் சுருளில் 200 சுற்று, அதற்கு நம் வீட்டு 230 வோல்ட்டு என்று வைப்போம். ஒரு சுற்றுக்கு 1.15 வோல்ட்டு. பெயாரிங்குக்குக் கிடைப்பதும் அவ்வளவே, டோர்ச் பெட்டரியை விடக் குறைவு. தொட்டால் ஷொக் அடிக்காததன் காரணமும் அதுதான். ஆனால் வோல்ட்டு 200 மடங்கு குறையும்போது ஓட்டம் 200 மடங்கு கூட வேண்டுமே! பிளக்கில் 10 அம்பியர் போனால், இழப்புகளை விட்டுவிட்டுப் பார்த்தால், வளையத்தைச் சுற்றி 2000 அம்பியர் ஓடுகிறது. ஓட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் வெப்பம். வளையத்தின் தடை சொற்பம்தான், ஆனால் 2000இன் வர்க்கம் 40 இலட்சம்.

பழைய பெயாரிங் வளையம் ஒன்றைக் குறுக்கே அறுத்துவிட்டு மாட்டிப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்காது. அறுத்த இரு முனைகளுக்கும் இடையே அந்த 1 வோல்ட்டுச் சொச்சம் சும்மா நிற்கும், ஓட வழி இருக்காது.

தண்டு சுடாததற்கும் இதேதான் காரணம். அது ஒரே இரும்பு மாதிரித் தெரியும். முனையை உற்றுப் பார்த்தால் மெல்லிய தகடுகளைப் பப்படக் கட்டுப் போல அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் காப்புப் பூச்சு கொடுத்திருப்பது தெரியும். முதன்மைச் சுருள் உண்டாக்கும் காந்தப்பாயம், அதாவது காந்தக் கோடுகளின் கட்டு, தகடுகளின் நீளவாக்கில் தாராளமாகப் போகும். மின்னோட்டம் தகடு விட்டுத் தகடு தாவிச் சுழல முடியாது. லைன் கம்பத்து ட்ரான்ஸ்போமர் செய்கிறவர்கள் ஒட்டிய சுற்றையும், இரும்புக்குள்ளேயே இப்படிச் சுழலும் சுழிப்போட்டத்தையும் தவிர்க்கத்தான் படாதபாடு படுகிறார்கள். ஹீட்டர்காரர் அகணியில் அதைத் தடுத்து, பெயாரிங்கில் வேண்டுமென்றே வரவழைத்திருக்கிறார். உள்வளையத்தின் சுற்றளவு குறைவு, ஆகவே தடையும் குறைவு, ஓட்டம் அதிகம். விரிய வேண்டிய வளையமே முந்திச் சூடாகிறது.

இவ்வளவையும் ஃபெக்டரிக்குள் வைத்துக்கொண்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நிலைமாற்றியைக் கரும்பலகையில் மட்டும் வரைகிறோம். பரிசளிப்பு விழா மேடைச் சோடனைக்குப் போகும் காசில் கொஞ்சம் செம்புக் கம்பியும் தகடும் வாங்கலாம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

சூடான பெயாரிங்கில் காந்தத்தன்மை மிஞ்சினால் இரும்புத் தூளை இழுத்துச் சீக்கிரம் தேய்ந்துபோகும். அதனால் கடைசியில் ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து ஹீட்டரே காந்தத்தை எடுத்துவிடும். அது முடியும் முன் அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். புது மெஷினுக்குத் தேசிக்காய் வெட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் இந்த வேலை தேசிக்காயால் ஆகாது. உலோகப் பட்டி போட்ட கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி வையுங்கள். அவையும் மூடிய சுற்றுகள்தான். இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கிட்டவே போகக்கூடாது.

பித்தளையும் சூடாகும். வளையம் மூடியிருந்து மின்னைக் கடத்தினால் போதும், காந்தம் ஒட்ட வேண்டியதில்லை, ஏனென்றால் காந்தப்பாயத்தைச் சுமப்பது தண்டு. குசினியில் வைக்கும் இன்டக்‌ஷன் அடுப்பில் அப்படி வளையத்துக்குள் நுழையும் அகணி கிடையாது. அது 20,000 ஹேர்ட்ஸுக்கு மேல் வேலை செய்வதால் இரும்புச் சட்டியின் அடியில் மிக மெல்லிய படையில்தான் ஓட்டம் நெரிந்து ஓடும், தடை கூடும், சூடு கிளம்பும். அலுமினியத்தில் அந்தப் படை தடிப்பம், தடையும் சொற்பம். அதனால்தான் அலுமினியச் சட்டியை வைத்தால் பெரும்பாலான அடுப்புகள் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடுகின்றன.