பில்லில் வரும் ஏஎம்பி: விக்கியில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு

மதுரை மாசி வீதிகளில் ஒரு நடை போய்க் கடைப் பலகைகளைப் பாருங்கள். "& சன்ஸ்", "& கோ", "& பிரதர்ஸ்" என்று வரிசையாக வரும். ஹார்டுவேர் கடைக்குள் போனால் 1/2", 3/4" என்று குழாய் அளவு. வலைப்பக்கத்தில் வம்பு பண்ணுகிற ஆசாமிகள் இவைதான், கூடவே <, > இரண்டும். சிறு வியாபாரிகளுக்கு மீடியாவிக்கியில் (விக்கிப்பீடியா ஓடுகிற மென்பொருள்) சரக்குப் பட்டியல் அமைத்துக் கொடுப்பது என் தொழில், வேறு யாரோ அமைத்துப் பழுதாகி என்னிடம் வருகிற விக்கிகளில் அடிக்கடி பார்க்கிற கோளாறு, கடைப் பெயருக்கு நடுவே ஏஎம்பி என்று மூன்று ஆங்கில எழுத்து முளைத்து நிற்பது. "தம்பி, எங்க அப்பா பேருக்குப் பக்கத்துல என்னமோ இங்கிலீஷ்ல வருது, மொதல்ல அத எடுத்து விடுங்க" என்பார்கள். அவர்கள் கோபம் நியாயம்தான், அது பில்லிலும் அச்சாகிறதே.

விஷயம் இதுதான். பிரவுசர் < என்ற குறியைப் பார்த்தால் டேக், அதாவது பக்கத்துக்கான கட்டளைக் குறி, தொடங்குகிறது என்று எடுத்துக்கொள்ளும், & வந்தால் எண்டிட்டி, அதாவது ஓர் எழுத்துக்குப் பதிலாக எழுதும் குறியீடு, என்று எடுத்துக்கொள்ளும். அதனால் < குறியையே காட்ட வேண்டுமானால் &#60; என்றும், & வேண்டுமானால் &#38; என்றும் எழுதுகிறோம், எண்ணுக்குப் பதில் பெயர் வைத்தும் எழுதலாம். சரி, ஏற்கெனவே மாற்றியதை மறுபடி மாற்றினால்? அதன் தலையில் இருக்கும் & இன்னொரு முறை மாறும். பிரவுசர் ஒரு சுற்றுதான் பிரிக்கும், மிச்சம் அப்படியே திரையில் தெரியும். இரண்டு மூன்று வார்ப்புருக்களைத் (டெம்ப்ளேட்டுகளை) தாண்டி வரும் பெயரை ஒவ்வொன்றும் "பாதுகாப்புக்காக" மாற்றி வைத்தால் வேறென்ன வரும்? மொத்தக் கடையில் சரக்கு வெளியே போகும்போதுதான் பொட்டலம் கட்டுவார்கள். அதேபோல மாட்யூலுக்குள் (விக்கியில் லுவா மொழியில் எழுதும் நிரல்) எழுத்து வெறும் எழுத்தாகவே இருக்கட்டும், கடைசியாக வெளியே தள்ளும் இடத்தில் ஒரே ஒரு முறை என்கோட் செய்யுங்கள், அதாவது எண்டிட்டியாக மாற்றுங்கள்.

விக்கியில் லுவாவை ஓட்டும் நீட்டிப்பான ஸ்கிரிபுன்டோவின் டெக்ஸ்ட் நூலகத்தில் உள்ள என்கோட், தானாக மாற்றுவது ஆறு எழுத்துகளை மட்டும்: <, >, &, ", ', அப்புறம் வரி உடையாத இடைவெளி. எதை மாற்ற வேண்டும் என்று இரண்டாவது மதிப்பாக நீங்களே கொடுக்கலாம். இதை வைத்துக்கொண்டு தமிழ் எழுத்தை எல்லாம் மாற்றித் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். மதுரை என்பது &#2990;&#2980;&#3009;&#2992;&#3016; ஆகிவிடும். யுடிஎஃப்-8இல் 15 பைட் இருந்தது 35 ஆகும், பக்கத்தில் இப்படியே சேமித்துவிட்டால் தொகுக்க வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. தமிழுக்கு இது தேவையே இல்லை.

எண்டிட்டியைத் திரும்ப எழுத்தாக்கும் டிகோட் பக்கம் இன்னொரு பொறி. எண் எண்டிட்டிகளை எல்லாம் அது பிரித்துவிடும், ஆனால் பெயர் எண்டிட்டிகளில் <, >, &, ", வரி உடையாத இடைவெளி என ஐந்தைத்தான் தானாக அறியும். இரண்டாவது மதிப்பு ட்ரூ என்று கொடுத்தால்தான் முழுப் பட்டியலும் மீடியாவிக்கி எழுதப்பட்ட பிஎச்பி மொழியிலிருந்து வரும். பக்‌ஷி போன்ற சொற்களில் எழுத்தைப் பிரித்துக் காட்ட நுழைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறியைப் பெயரால் எழுதியிருந்தால், ட்ரூ இல்லாமல் அது அப்படியே தங்கிவிடும்.

லுவாவின் தேடி மாற்றும் கட்டளையான ஜிசப் வைத்துத் தாங்களே எழுதிக்கொள்கிறவர்களுக்கு: என்கோட் செய்யும்போது & முதலில், டிகோட் செய்யும்போது & கடைசியில். டிகோடில் இதை மாற்றிச் செய்தால், வாசகருக்கு எண்டிட்டியாகவே காட்ட நினைத்தது டேக்காகப் பிரிந்துவிடும். இன்னொன்று, லுவாவின் சாதாரண ஸ்ட்ரிங் நூலகம் பைட்டைத்தான் எண்ணும், அதற்கு மதுரை 15. சதுர அடைப்புக்குள் தமிழ் எழுத்துப் போட்டு அதில் தேடினால் எழுத்து பாதியில் உடையும். ஸ்கிரிபுன்டோவின் யுஸ்ட்ரிங் நூலகம் துணைக்குறியையும் தனியாக எடுத்து 5 என்று எண்ணும், தமிழுக்கு அதையே வையுங்கள்.

பக்கப் பெயரைத் தரும் பேஜ்நேம் மந்திரச்சொல்லும் &, ", ' மூன்றையும் &#38;, &#34;, &#39; என்று மாற்றியே கொடுக்கும். அதை, மாட்யூலை அழைக்கும் இன்வோக் வழியாக வாங்கி "& சன்ஸ்" என்ற பெயரோடு லுவாவில் ஒப்பிட்டால் ஒருபோதும் பொருந்தாது. டிகோட் செய்துவிட்டு ஒப்பிடுங்கள், அல்லது டைட்டில் ஆப்ஜெக்டிலிருந்து பெயரை எடுங்கள், அதில் இந்த மாற்றம் இல்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது விக்கிக்கு வெளியே. மாட்யூல் தருவதை மீடியாவிக்கி வடிகட்டித்தான் காட்டும், யாராவது ஸ்கிரிப்ட் டேக் எழுதிவைத்தாலும் அங்கே ஓடாது. ஆனால் அதே தகவலை ஏபிஐ (வெளி நிரல்கள் விக்கியிடம் தகவல் கேட்கும் வாசல்) வழியாக எடுத்து, டிகோட் செய்து, கடையின் பில் பக்கத்தில் எழுத்தை டேக்காகவே படிக்கும் இன்னர்ஹெச்டிஎம்எல்லில் கொட்டினால் அங்கே காவல் யாரும் இல்லை. சரக்குப் பெயரில் ஒளித்துவைத்த நிரல் கணக்குப்பிள்ளையின் கணினியில் ஓடும். எதையும் வெறும் எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட்கன்டென்டில் போடுங்கள், போதும்.

மேற்கோள் (ரெஃப்) டேக் உள்ள உரையை என்கோட் செய்யாதீர்கள். மாட்யூலுக்கு அது வரும்போது யுனிக், கினு என்ற சொற்கள் கொண்ட ஒரு தற்காலிகக் குறியாகத்தான் வரும், அந்தக் குறிக்குள் ', " இரண்டும் உண்டு. அவை மாறினால் மேற்கோள் காணாமல் போய், அந்தக் கிறுக்கல் பக்கத்தில் தெரியும். டெக்ஸ்ட் நூலகத்தின் கில்மார்க்கர்ஸ் கொண்டு முதலில் அந்தக் குறியை நீக்கிவிடலாம், மேற்கோள் உங்களுக்கு வேண்டாம் என்றால்.