சூட்டை அளந்துவிட்டு பீட்டா என்று எழுதாதீர்கள்

மே மாதம் பாளையங்கோட்டையில் லேப் கதவைத் திறந்தாலே வெக்கை முகத்தில் அடிக்கும். அப்படி ஒரு மத்தியானம், ஆய்வு மாணவர் ஒருவர் பிரிண்ட் அவுட்டோடு வந்தார். "சார், பீட்டா 10-ன் அடுக்கு மைனஸ் 4 வந்திருக்கு, பேப்பர்ல எல்லாம் இதே ரேஞ்சுதான் சார்." முகமெல்லாம் சிரிப்பு. பாவம், ஐந்து வாரமாக கரைசல் மெல்ல ஆவியாக பீக்கரை மூடி, மூடியில் ஓட்டை போட்டு வளர்த்த சால்கோன் (ஒரு கரிமச் சேர்மம்) படிகம் அது.

அவர் பீட்டாவை அளந்தது இசட்-ஸ்கேன் முறையில். அதை 1989-ல் மன்சூர் ஷேக்-பஹாயும் கூட்டாளிகளும் சொன்னார்கள். லேசரை லென்ஸால் குவித்து, சாம்பிளைக் குவியப் புள்ளி வழியாக நகர்த்தி, மறுபக்கம் வருகிற ஒளியை அளக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே நேரத்தில் இரண்டு ஃபோட்டான்களை (ஒளித்துகள்களை) விழுங்குகிற பொருளாக இருந்தால், குவியத்தில் வளைகோடு பள்ளம் விழும். பீட்டா என்பது அந்த விழுங்கும் குணத்தின் அளவு.

"தம்பி, என்ன லேசர்?" என்றேன். 532 நானோமீட்டர், தொடர் அலை (துடிப்பு துடிப்பாக இல்லாமல் விடாமல் எரிவது), 20 மில்லிவாட். குவியத்தில் கற்றையின் ஆரம் 20 மைக்ரோமீட்டர். சரி, பேப்பரை எடு, கணக்குப் போடுவோம் என்று உட்கார்ந்தோம். செறிவு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 3 கிலோவாட். கரிமப் படிகத்துக்கு உண்மையான பீட்டாவை ஒரு கிகாவாட்டுக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 மில்லிமீட்டர் படிகத்தில் ஒளி குறைவது கோடியில் இரண்டு மூன்று பங்குதான்! அந்த லேசரின் சொந்த ஆட்டமே அதைவிடப் பல மடங்கு. இவர் கிராஃபிலோ பள்ளம் ஒரு சதவீதம்.

அப்படியென்றால் அது என்ன? பெரும்பாலும் சூடுதான். மஞ்சள் படிகம் பச்சை ஒளியைக் கொஞ்சம் குடிக்கும், குடித்த இடம் சூடாகும், ஒளிவிலகல் எண் மாறும், படிகமே ஒரு லென்ஸாகிக் கற்றையை விரித்துவிடும். டிடெக்டரின் சன்னலோ சட்டைப் பொத்தான் அளவு, விரிந்த ஒளியில் ஓரம் வெளியே போய்விட, போனதையெல்லாம் 'உட்கவர்ந்தது' என்று கணக்கில் எழுதிவிடுகிறோம். கிராஃபை நன்றாகப் பாருங்கள், பள்ளத்துக்கு ஒரு பக்கம் மட்டும் சின்னத் திமில் இருந்தால் இதைச் சந்தேகப்படலாம், உண்மையான இரு ஃபோட்டான் பள்ளம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். டிடெக்டருக்கு முன்னால் பெரிய லென்ஸ் வைத்து ஒளி முழுவதையும் அள்ளுங்கள். பவரைப் பாதியாக்கி மறுபடி எடுங்கள், பீட்டா மாறினால் அது பீட்டா இல்லை. இன்னொன்று, மிகக் குறைந்த பவரில் ஒரு ஓட்டம் எடுத்து அதனால் வகுத்துவிட்டால் படிகத்தின் மேல் உள்ள கீறலும் தூசியும் செய்யும் குறும்பு அடங்கும் (நம் ஊர்க் காற்றில் தூசிக்கா பஞ்சம்).

இதையே வைத்து 'கண்ணைக் காக்கும் ஒளி வரம்பி' (பலமான லேசர் ஒளியைத் தடுக்கும் பொருள்) என்று முடிவுரையில் எழுதுகிறார்களே, அதில்தான் எனக்குக் கோபம். இந்த வெப்ப லென்ஸ் எழும்ப மில்லிசெகண்ட் கணக்கில் ஆகும். நானோசெகண்ட் துடிப்பு அதற்குள் விழித்திரையைத் தொட்டுவிட்டுப் போய்விடும்.

மறுநாள் ஷட்டர் வைத்து ஆசிலோஸ்கோப்பில் பார்த்தோம். ஷட்டர் திறந்ததும் சிக்னல் நேராக எழுந்தது, அப்புறம் மெல்ல, சரிவில் இறங்குகிற மாட்டு வண்டி மாதிரி கீழே வந்தது. இரு ஃபோட்டான் வேலை என்றால் இப்படி மெல்ல இறங்காது, சூடு ஏறத்தான் நேரம் வேண்டும். மாணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஆய்வேட்டின் தலைப்பில் 'இரு ஃபோட்டான்' என்பதை அடித்துவிட்டு 'வெப்பவழி' என்று எழுதினார்.