ஈரம் காய்வதற்குள்

வெனிஸ் நகரத்து ஜெசுவாத்தி தேவாலயத்தின் விதானத்தில் புனித தோமினிக் மக்களுக்கு ஜெபமாலை வழங்குகிறார். 1737-க்கும் 1739-க்கும் இடையில் ஜொவான்னி பத்திஸ்தா தியெப்போலோ தீட்டியது. பசையோ எண்ணெயோ இல்லாமல், வெறும் தண்ணீரில் குழைத்த வண்ணம் இத்தனை காலம் எப்படி உதிராமல் நிற்கிறது?

எல்லாம் சுண்ணாம்பின் வேலை. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதுதான் கால்சியம் ஹைட்ராக்சைடு. அதை மணலோடு குழைத்துப் பூசி, ஈரம் இருக்கும்போதே வண்ணம் தீட்ட வேண்டும். காயும்போது சுண்ணாம்பு, சூளையில் இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அந்தப் படிகங்களுக்குள் நிறமித் துகள்கள் மாட்டிக்கொள்கின்றன. அப்புறம் சுவர் வேறு, ஓவியம் வேறு கிடையாது. எனக்கு இதைவிட அழகான வேதிவினை தெரியாது.

ஆனால் ஓவியருக்கு இது பெரிய நெருக்கடி. ஒரு நாளில் தீட்டி முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் பூச்சு பூச முடியும். இத்தாலியர் அந்தத் துண்டை ‘ஜொர்னாத்தா’ என்பார்கள், ஒரு நாள் வேலை என்று பொருள். தவறு நேர்ந்தால் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரியும் நிறம் காய்ந்தபின் வெளிறும் என்பதால், நாளைய நிறத்தை இன்றே மனக்கண்ணில் பார்த்தாக வேண்டும். சுண்ணாம்பின் காரத்தைத் தாங்காத நிறமிகளும் உண்டு. காவி, மஞ்சள் போன்ற மண் நிறங்கள் தாங்கும். சில நீலங்களைக் காய்ந்தபின் பசை சேர்த்துத்தான் பூசினார்கள். முதலில் உதிர்வதும் அவைதான்.

1696-ல் பிறந்து, ஓவியர் லட்சரீனியிடம் தொழில் கற்ற தியெப்போலோ வேகத்துக்குப் பேர்போனவர். முதலில் சிறிய எண்ணெய்ச் சித்திரமாக முழுக்காட்சியையும் தீர்மானித்துவிடுவார். சாரத்தில் ஏறிய பிறகு தயக்கத்துக்கு இடமில்லை. உதினே, வெனிஸ், ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் என்று விதானம் விதானமாக நகர்ந்த வாழ்க்கை 1770-ல் மாட்ரிட்டில் முடிந்தது.

சுவரோடு ஒன்றிய ஓவியம் சுவரோடுதான் போகும். வெனிஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய ஸ்கால்சி தேவாலயத்தில், இயேசுவின் தாய் மரியாளின் வீட்டை வானதூதர்கள் இத்தாலியின் லொரேத்தோ ஊருக்குச் சுமந்து செல்லும் காட்சியை அவர் 1740-களில் தீட்டியிருந்தார். 1915 அக்டோபரில் ஆஸ்திரியப் படை வீசிய குண்டு அந்த விதானத்தை நொறுக்கியது. மிஞ்சிய சில துண்டுகள் வெனிஸின் அக்காதெமியா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்காக அவர் முன்கூட்டி வரைந்த எண்ணெய்ச் சித்திரங்கள் முழுசாகத் தப்பின.